டி-பஸ் திணறுகிறது: கர்னலுக்குள் சொந்தமாக ஒரு மெசேஜ் மாட்யூல் எழுதலாமா?

ஒண்டிப்புதூரான் | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கோவையில் ஒரு சின்ன கம்பெனியில் எம்பெடெட் வேலை பார்க்கிறேன். நூற்பாலைகளில் ரிங் ஃப்ரேமின் (நூல் நூற்கிற மெஷின்) தலைமாட்டில் மாட்டுகிற கண்காணிப்புப் பெட்டி ஒன்று செய்கிறோம். ஒரு ஃப்ரேமுக்கு 1,200 ஸ்பிண்டில். 24 ஸ்பிண்டிலுக்கு ஒரு சென்சார் போர்டு என்று 50 போர்டுகள், எல்லாம் ஒரே கேன் பஸ்ஸில் (வண்டிகளிலும் மெஷின்களிலும் போர்டுகள் பேசிக்கொள்ளும் பொதுக் கம்பி) தொங்குகின்றன, வேகம் 250 கிலோபிட். பெட்டிக்குள் ஐ.எம்எக்ஸ்6 யூஎல்எல், ஒற்றைக் கோர், 256 எம்பி ராம். யாக்டோ என்கிற கருவியில் கட்டிய லினக்ஸ், கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 5.15.

உள்ளே ஐந்து ப்ராசஸ். ரீடர் கேன் ஃப்ரேம்களை வாங்கிப் பிரித்து, ஒவ்வொரு ஸ்பிண்டிலின் வேகத்தையும் நொடிக்கு ஒருமுறை டி-பஸ் (ப்ராசஸ்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் அமைப்பு) சிக்னலாக விடுகிறது. அதை நான்கு பேர் கேட்கிறார்கள்: அலாரம், ஸ்கிரீன், டேட்டாபேஸ், மில் சர்வருக்கு அனுப்புகிற அப்லோடர்.

பிரச்சினை இதுதான். நூல் அறுந்தால் ஃப்ரேம் முனையில் இருக்கிற சிவப்பு லைட் 200 மில்லிசெகண்டுக்குள் எரிய வேண்டும். எங்கள் டேபிளில் 5 போர்டு வைத்துப் பார்த்தபோது கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்தது. மில்லில் 50 போர்டும் மாட்டினால் இரண்டு நொடி, சில சமயம் மூன்று. போன வாரம் அங்கே நின்றுகொண்டிருந்தபோது ஒரு சைடர் அக்கா (அறுந்த நூலை ஒட்டுகிறவர்), "லைட்டு எரியறதுக்குள்ள நானே நூலைப் புடிச்சு ஒட்டிட்டுப் போயிடறேனுங்க தம்பி" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டாப் கட்டளையில் டி-பஸ் டீமன் (பின்னணியில் ஓடி செய்திகளைக் கைமாற்றும் புரோகிராம்) மட்டும் 45 சதவீதம் சிபியு தின்கிறது. எங்கள் முதலாளி, "ஆண்ட்ராய்டில் பைண்டர் கர்னலுக்குள்ளேதானே இருக்கிறது, அதனால்தானே வேகம்? நாமும் ஒரு கேரக்டர் டிவைஸ் எழுதிவிடலாம்" என்கிறார். (பைண்டர் என்பது ஆண்ட்ராய்டின் செய்தி கடத்தும் வழி; கேரக்டர் டிவைஸ் என்பது ப்ராசஸ்கள் கோப்பு மாதிரி திறந்து படிக்க, எழுத முடிகிற கர்னல் டிரைவர்.) ரீடர் அதில் எழுதும், மற்றவர்கள் ஆளுக்கொரு ரிங் பஃபரிலிருந்து (வட்டமாகச் சுற்றி நிரம்பும் தற்காலிக நினைவகம்) படிப்பார்கள். மூன்று வாரம் கேட்டிருக்கிறேன். டி-பஸ்ஸையே கர்னலுக்குள் கொண்டுபோக கேடிபஸ் என்று ஒன்று செய்தார்களாமே, அந்தப் பழைய பேட்ச்களை எடுத்து 5.15-க்கு மாற்றிக்கொள்ளலாமா என்றும் யோசனை. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?


செமிகோலன் | திங்கள், இரவு 10.15

டீமன் 45 சதவீதம் என்றால் மீதி 55 யாரிடம் இருக்கிறது? அதைச் சொல்லாமல் விட்டீர்களே. நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப் போடுங்கள், அலாரம் ப்ராசஸின் மேல், அது கர்னலிடம் என்னென்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ் போடுங்கள். அதுவரை டி-பஸ் டீமனைத் தூக்கிவிட்டு டிபஸ்-ப்ரோக்கர் போட்டுப் பாருங்கள். அதே புரோட்டோகால்தான், உங்கள் கோடில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.


கர்னல்_தாத்தா | செவ்வாய், காலை 6.05

தம்பி, நான் ராணுவக் கர்னல் இல்லை, பேரன் வைத்த பெயர். 2001-லிருந்து டிரைவர் எழுதிப் பிழைத்தவன். காலை நடைக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் பைண்டர். அது ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டு வேலை வாங்குவதற்காகச் செய்தது. பெறுகிறவரின் பஃபரைக் கர்னலே மேப் செய்து வைத்திருப்பதால், அனுப்புகிறவரின் நினைவகத்திலிருந்து ஒரே காப்பியில் செய்தி அங்கே போய் உட்கார்ந்துவிடும். அழகான வேலை. ஆனால் ஒரே செய்தியை நான்கு பேருக்குப் பரப்புகிற வசதி பைண்டரில் கிடையாது. ஆண்ட்ராய்டிலேயே அப்படிப் பரப்ப வேண்டியதை மேலே இருக்கிற சிஸ்டம் சர்வர்தான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்கிறது. உங்கள் தேவையோ முழுக்க முழுக்கப் பரப்புவது. ஆக, பைண்டரைப் பார்த்து நீங்கள் காப்பி அடிக்க நினைக்கிற விஷயமே அதில் இல்லை.

இன்னொன்று. ஆண்ட்ராய்டு போன்கள் 2008-லேயே கடைக்கு வந்துவிட்டன. பைண்டர் ஸ்டேஜிங் மூலையிலிருந்து (இன்னும் தேறாத கோடை வைக்கிற இடம்) பிரதான கர்னலின் முறையான இடத்துக்கு வந்தது 3.19-இல், 2015-இல். என் பார்வையில் அது பாராட்டுப் பத்திரம் இல்லை. அத்தனை போன்களில் ஓடுகிற இடைமுகத்தை இனி யாரும் மாற்ற முடியாது என்பதுதான் விஷயம். அப்புறம் 2019-இல் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ ஆட்கள் ஒரு ஓட்டையை வெளியே சொன்னார்கள்: பைண்டரில் விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடுகிற தப்பு, அதைப் பயன்படுத்தி உண்மையிலேயே போன்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனில் எந்த ஆப்பும் பைண்டரைத் திறந்தாக வேண்டும். அந்தக் கதவு கர்னலுக்குள் இருக்கிறது. தப்பு ஒரு டீமனில் இருந்தால் டீமன் விழும், எழுப்பிக்கொள்ளலாம். கர்னலில் இருந்தால் வீடே அவன் கையில்.

கேடிபஸ் கதைக்கு வருகிறேன், அதைத்தான் நீங்கள் முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். டி-பஸ் 1.0 வந்தது 2006 நவம்பர். அதில் ஒரு ப்ராசஸ் இன்னொன்றைக் கூப்பிட்டுப் பதில் வாங்கினால், போகும்போதும் வரும்போதும் நடுவில் டீமன். கேடிபஸ் செய்தவர்கள் சொன்ன கணக்கு: ஒரு போய்வருதலுக்கு 10 காப்பி, 4 முறை சரிபார்ப்பு, 4 கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் (ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்கு சிபியு மாறுவது). கர்னலுக்குள் போனால் 2, 2, 2. கேட்கும்போது யாருக்கும் ஆசை வரும். 2012-லேயே ஏஎஃப்_பஸ் என்று நெட்வொர்க் பக்கமாக ஒரு முயற்சி நடந்து, கர்னலின் நெட்வொர்க் பகுதியைப் பராமரித்த டேவிட் மில்லர் மறுத்துவிட்டிருந்தார். 2014 அக்டோபரில் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் கேடிபஸ் பேட்ச்களை அனுப்பினார். 2015 ஏப்ரலில் 4.1-இல் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். கேட்டவர் யார் என்று பாருங்கள், ஸ்டேபிள் கர்னல்களைப் பராமரிக்கிற மனிதர். அப்படியும் உள்ளே விடவில்லை.

சண்டை வேகத்தைப் பற்றி மட்டும் நடக்கவில்லை. ஒவ்வொரு செய்தியோடும் அனுப்பியவரின் அதிகாரங்கள், கட்டளை வரி என்று ஒரு மூட்டை விவரத்தைக் கர்னல் ஒட்டி அனுப்பும் என்றிருந்தது. கர்னல் டெவலப்பர் ஆண்டி லூட்டமிர்ஸ்கி அதை விடாமல் எதிர்த்தார். பெறுகிறவன் அந்த விவரத்தை நம்பி முடிவெடுக்கத் தொடங்கிவிட்டால், பிறகு அதை மாற்றவே முடியாது. வேகத்தைப் பொறுத்தவரை லினக்ஸை உருவாக்கிய லினஸ் தானே ப்ரொஃபைல் எடுத்துப் பார்த்துவிட்டு, டி-பஸ் மெதுவாக இருப்பதற்குக் காரணம் யூசர் ஸ்பேஸ் (கர்னலுக்கு வெளியே ஓடும்) கோட் மோசமாக இருப்பதுதான் என்று அவருக்கே உரிய பாஷையில் எழுதினார். நான் மொழிபெயர்க்க மாட்டேன், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஃபெடோரா லினக்ஸின் சோதனைப் பதிப்பான ராஹைடில் சேர்த்துப் பார்த்துவிட்டு, 2015 நவம்பரில் எடுத்தார்கள். 2016-இல் பஸ்1 என்று வேறு வடிவத்தில் வந்து, அதுவும் நின்றது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அடுத்தது. அதே குழுவில் இருந்தவர்கள் திரும்பி யூசர் ஸ்பேஸுக்கே வந்து டிபஸ்-ப்ரோக்கர் எழுதினார்கள். நடுவில் ஆள் இருக்கிறார், ஆனால் நன்றாக எழுதிய ஆள். ஃபெடோரா 30-இலிருந்து அதுதான் இயல்பாக வருகிறது. கேடிபஸ் வேலையின் நடுவே பிறந்த ஒரு சின்னத் துண்டு மட்டும் கர்னலில் தங்கிவிட்டது: மெம்எஃப்டி. பெயரில்லாத நினைவகத் துண்டு ஒன்றை உருவாக்கி, முத்திரை வைத்து, அதன் கைப்பிடியை மட்டும் இன்னொரு ப்ராசஸிடம் கொடுக்கலாம். 3.17-இல் வந்தது. அதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை, ஏனென்றால் பக்கங்களைப் பகிர்வது கர்னலால் மட்டுமே முடிகிற காரியம். யாருக்கு எந்தச் செய்தி போகலாம், எந்தப் பெயர் யாருக்கு என்பதெல்லாம் அப்படி இல்லை.

ஆகவே பழைய கேடிபஸ்ஸைத் தோண்டி எடுத்து 5.15-இல் நடாதீர்கள். அதை எழுதியவர்களே கைகழுவிவிட்டார்கள்.

இனி உங்கள் மாட்யூல். நானும் எழுதியிருக்கிறேன், அதனால்தான் இந்த வயிற்றெரிச்சல். 2009 வாக்கில் ஒரு கையடக்க பில்லிங் கருவி, கம்பெனி பெயர் வேண்டாம். மூன்று ப்ராசஸ் பேசிக்கொள்ள நீங்கள் சொல்கிற அதே கேரக்டர் டிவைஸ், அதே ரிங் பஃபர். எழுதி முடிக்க இரண்டு வாரம்தான் ஆனது. ஆபீஸில் ஒரு மாதம் ஓட்டினோம், ஒரு குறையும் இல்லை. வெளியே போன பிறகு, சாயந்திரம் கணக்கு முடிக்கிற நேரத்தில் மட்டும் கருவி உறையும், வாட்ச்டாக் ரீஸெட் செய்யும். லாக்கில் ஒன்றும் இருக்காது, ஃப்ளாஷில் எழுதும் முன்பே செத்துவிடுமே. கடைசியில் ஒரு கடையின் கல்லாவுக்குப் பின்னால் சீரியல் கேபிளைச் சொருகிக்கொண்டு மூன்று சாயந்திரம் உட்கார்ந்தேன். மூன்றாவது நாள் திரையில் விழுந்தது: ஷெட்யூலிங் வைல் அடாமிக்.

விஷயம் இவ்வளவுதான். ஸ்பின்லாக்கை (வேறு யாரும் உள்ளே வராமல் தடுக்கும் பூட்டு) பிடித்துக்கொண்டே ஒரு இடத்தில் நினைவகம் கேட்டிருந்தேன், ஜிஎஃப்பி_கர்னல் என்று. அதற்கு "இல்லாவிட்டால் காத்திருக்கிறேன்" என்று அர்த்தம். லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது. ஆபீஸில் எப்போதும் ராம் காலியாக இருந்ததால் கேட்டவுடன் கிடைத்தது, தூங்க வேண்டிய அவசியமே வரவில்லை. கடையில் சாயந்திரம் அன்றைய பில் கோப்பையெல்லாம் படித்துச் சுருக்கி அனுப்பும்போது ராம் நிரம்பும்; அப்போது கேட்டால் கர்னல் "இரு, யாரையாவது காலி செய்துவிட்டுத் தருகிறேன்" என்று தூங்க வைக்கும். ஒரு வார்த்தைத் தப்பு. யூசர் ஸ்பேஸில் அந்த மாதிரி ஒரு வார்த்தைத் தப்பு செய்தால் ஒரு ப்ராசஸ் விழுந்திருக்கும், கோர் கோப்பு கிடைத்திருக்கும், நான் வீட்டிலிருந்தே பார்த்திருப்பேன்.

அதோடு போகவில்லை. ஒவ்வொரு முறை கர்னல் ஏற்றும்போதும் மாட்யூல் உடையும். 5.0-இல் ஆக்செஸ்_ஓகேயின் முதல் ஆர்க்யுமென்டை எடுத்துவிட்டார்கள். 5.6-இல் ப்ராக் கோப்புகளுக்குத் தனி ஸ்ட்ரக்ட். நீங்கள் 5.15-இலிருந்து மேலே போகும்போது 6.4-இல் கிளாஸ்_கிரியேட்டின் மாற்றம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. வெளியே இருக்கிற புரோகிராம்களுக்குக் கர்னல் கொடுக்கிற வாக்கு வேறு, உள்ளே இருக்கிற மாட்யூலுக்கு எந்த வாக்கும் கிடையாது.

எழுதத் தொடங்கும் முன் உங்கள் முதலாளியிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். ஸ்கிரீன் ப்ராசஸ் ஐந்து நொடி படிக்காமல் நின்றுவிட்டால், அதன் ரிங் பஃபர் நிரம்பினால், என்ன செய்வது? பழையதைக் கொட்டுவதா, புதியதைத் தள்ளுவதா, ரீடரை நிறுத்திவைப்பதா? ஸ்கிரீனுக்கு ஒரு பதில், டேட்டாபேஸுக்கு வேறு பதில், அலாரத்துக்கு இன்னொரு பதில் வரும். அந்த மூன்று பதிலையும் கர்னலுக்குள் எழுதி வைக்கப் போகிறீர்களா?


ஒண்டிப்புதூரான் | செவ்வாய், மதியம் 1.20

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் ஒரு சந்தேகம் விடவில்லை. தப்பாக நினைக்காதீர்கள். இணையத் தகவலைக் கடத்தும் டிசிபி கர்னலுக்குள்தான் இருக்கிறது. கேன் கர்னலுக்குள்தான் இருக்கிறது. அதெல்லாம் சரி, டி-பஸ் மட்டும் கூடாது என்றால் கோடு எங்கே? க்யூஎன்எக்ஸ் என்கிற இயங்குதளத்தில் மெசேஜ் அனுப்புவதே கர்னலின் முக்கிய வேலை என்று படித்தேனே.


கர்னல்_தாத்தா | செவ்வாய், மதியம் 3.45

நல்ல கேள்வி, தப்பாக ஏன் நினைக்கப் போகிறேன்.

க்யூஎன்எக்ஸில் செய்தி கடத்துவது உள்ளே, டிசிபி, ஃபைல் சிஸ்டம், டிரைவர் எல்லாம் வெளியே. லினக்ஸுக்கு நேர் எதிர். ஆனால் அங்கே உள்ளே இருப்பது எவ்வளவு சின்னது என்று கவனியுங்கள்: இவனிடமிருந்து அவனுக்குப் பைட்டுகளை மாற்று, இவனைத் தூங்கவை, அவனை எழுப்பு. செய்தியின் அர்த்தம் கர்னலுக்குத் தெரியாது.

உள்ளே போனால் வேகம் என்பதும் அரைகுறை உண்மை. மாக் கர்னலிலும் செய்தி கடத்துவது உள்ளேதான் இருந்தது. 1993-இல் யோக்கன் லீட்கே தன் எல்3 கர்னலில் 486 கணினியில் அளந்து காட்டினார்: சின்னச் செய்திக்கு 5 மைக்ரோசெகண்ட் அளவு. அதே கணினியில் மாக் எடுத்தது 100-க்கு மேல். இரண்டுமே கர்னலுக்குள். இருபது மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது? எழுதிய விதத்திலிருந்து. உங்கள் ரீடர் 1,200 சிக்னல் விடுவதை அப்படியே கர்னலுக்குள் தூக்கிப் போனால், கர்னலுக்குள் 1,200 சிக்னல் விடுவீர்கள்.

கேன் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்ல இங்கே ஆள் இருக்கிறார். ஒரகடம் மேடம், எங்கே?


ஒரகடம்_மேகலை | செவ்வாய், இரவு 8.30

கூப்பிட்டதால் வந்தேன் ஐயா. நான் வண்டி டயக்னாஸ்டிக்ஸ் பக்கம், தினமும் கேன்தான்.

சாக்கெட்கேன் (லினக்ஸ் கர்னலின் கேன் பகுதி) வருவதற்கு முன் எப்படி இருந்தது என்று சீனியர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு டிரைவர், ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு லைப்ரரி, கார்டு மாறினால் ஆப்பை மறுபடி எழுது. அதைவிடக் கொடுமை, டிவைஸை ஒரு ப்ராசஸ் திறந்துவிட்டால் பெரும்பாலும் இன்னொன்று திறக்க முடியாது. ஆகவே எல்லாரும் என்ன செய்தார்கள்? ஒரு ரீடர் டீமன் எழுதி, அது திறந்து, மற்றவர்களுக்கு விநியோகம் செய்தது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா, தம்பி?

ஃபோக்ஸ்வேகன் ஆராய்ச்சிப் பிரிவு செய்த வேலை 2.6.25-இல், 2008-இல் பிரதான கர்னலுக்குள் வந்தது. அவர்கள் புதிதாக ஒரு மெசேஜ் அமைப்பைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருக்கிற நெட்வொர்க் அடுக்கில் கேனை ஒரு குடும்பமாகச் சேர்த்தார்கள். அதனால் எத்தனை ப்ராசஸ் வேண்டுமானாலும் தனித்தனி சாக்கெட் திறக்கலாம், ஒரே ஃப்ரேம் எல்லாருக்கும் கிடைக்கும். நான் இயங்குகிற ஆப்பைத் தொடாமலே பக்கத்தில் கேன்டம்ப் (கேன் ஃப்ரேம்களைத் திரையில் காட்டும் கருவி) போட்டுப் பார்ப்பது இதனால்தான். ஒரு கம்பி, பல பேர் என்கிறபோது பங்கு போடுகிறவர் கர்னலாக இருப்பது நியாயம். 5.10-இல் ஐஎஸ்ஓ-டிபி (நீளமான செய்தியைப் பல கேன் ஃப்ரேம்களாக அனுப்பும் முறை) உள்ளே வந்ததும் வேறு மாதிரி நியாயம்: ஃப்ரேம்களுக்கு நடுவே நூறு மைக்ரோசெகண்ட் அளவு இடைவெளியை மதிக்க வேண்டியிருக்கும், அதை ஒரு சாதாரண ப்ராசஸை நம்பி விட முடியாது.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருவோம். உங்களிடம் கர்னலுக்குள் ஒரு மெசேஜ் பரப்பும் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் அதன் வாயில் ரீடரை அடைத்து வைத்திருக்கிறீர்கள். நூல் அறுந்ததற்குத் தனி ஐடி (கேன் ஃப்ரேமின் அடையாள எண்) இருக்கிறதா? இருந்தால் அலாரம் ப்ராசஸ் தானே ஒரு ரா சாக்கெட் திறக்கட்டும், அந்த ஐடிக்கு மட்டும் ஃபில்டர் வைக்கட்டும். மற்ற ஃப்ரேம் வரும்போது அந்த ப்ராசஸ் எழவே எழாது, கர்னலே கழித்துவிடும். இடையில் ரீடரும் இல்லை, டி-பஸ்ஸும் இல்லை. ஐடியைச் சின்ன எண்ணாகக் கொடுங்கள், கம்பியில் மோதல் வந்தால் சின்ன எண்தான் ஜெயிக்கும்.

ஸ்கிரீனுக்கும் டேட்டாபேஸுக்கும் ஒவ்வொரு மாற்றமும் வேண்டாம், இப்போதைய நிலை போதும். 1,200 வரி உள்ள ஒரு அட்டவணையை மெம்எஃப்டியில் வையுங்கள். ரீடர் முதலில் தனக்கு எழுதும் உரிமையோடு மேப் செய்துகொண்டு, அப்புறம் 'இனி யாரும் எழுத மேப் செய்ய முடியாது' என்கிற முத்திரை வைக்க வேண்டும். எஃப்_ஸீல்_ஃப்யூச்சர்_ரைட், 5.1-இலிருந்து இருக்கிறது. சுருக்க முடியாத முத்திரையும் சேர்த்து வையுங்கள், இல்லாவிட்டால் ரீடரில் பிழை வந்து கோப்பு சுருங்கினால் படிக்கிறவர்கள் செத்து விழுவார்கள். கைப்பிடியை டி-பஸ்ஸில் ஒரே ஒரு முறை கொடுத்தால் போதும். பாதி எழுதியதைப் படித்துவிடாமல் இருக்க மேலே ஒரு எண்ணி: எழுதத் தொடங்கும்போது ஒற்றைப்படை ஆகும், முடித்ததும் இரட்டைப்படை ஆகும். படிக்கிறவர் முன்னும் பின்னும் அதைப் பார்த்து, இரண்டும் ஒரே இரட்டைப்படையாக இருந்தால்தான் நம்ப வேண்டும். நடுவில் மெமரி பேரியர் (எழுதும், படிக்கும் வரிசை மாறாமல் காக்கும் கட்டளை) போட மறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கேன் ரா சாக்கெட்டைத் திறக்க ரூட் வேண்டாம். எந்த ப்ராசஸும் படிக்கலாம், எழுதவும் செய்யலாம். டி-பஸ்ஸில் இருந்த அனுமதிப் பட்டியல் இங்கே கிடையாது. இணையத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற அப்லோடருக்கு மட்டுமாவது சிஸ்டம்டி யூனிட் கோப்பில் (ப்ராசஸ் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் கோப்பு) கேன் சாக்கெட் குடும்பத்தைத் தடை செய்துவிடுங்கள். ஒரு வரி.


ஒண்டிப்புதூரான் | மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 5.10

எல்லாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். மில்லில் ஷிப்ட் மாறும் நேரத்தில்தான் பெட்டியைத் தொட விடுவார்கள்.

செமிகோலன் கேட்ட மீதி 55 சதவீதத்தை முதலில் தேடினேன். வெட்கக்கேடு. அலாரம் ப்ராசஸின் மேல் எஸ்ட்ரேஸ் போட்டதும் திரை கொட்டித் தள்ளியது: ஒவ்வொரு சிக்னலுக்கும் ஜர்னலில் (சிஸ்டம் லாக்) ஒரு வரி. ஆறு மாதம் முன்பு நானே டீபக் செய்யப் போட்டு, எடுக்க மறந்த பிரிண்ட். நொடிக்கு 1,200 வரி. டேபிளில் 5 போர்டு என்பதால் 120 வரிதான் வந்தது, கண்ணில் படவே இல்லை. அதோடு அலாரத்தின் மேட்ச் விதி அந்த இன்டர்ஃபேஸ் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தது. நூல் அறுந்த ஒன்றுக்காக எல்லா ஸ்பிண்டிலின் வேகத்தையும் வாங்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த ஒரு வரியை எடுத்ததும் லைட் எரிய ஆனது அதிகபட்சம் 600 மில்லிசெகண்ட். டிபஸ்-ப்ரோக்கர் போட்டதும் 400-க்குப் பக்கம். இரண்டும் ஒரே நாள் வேலை.

அப்புறம் மேகலை மேடம் சொன்னபடி அலாரத்துக்குத் தனி கேன் சாக்கெட், ஃபில்டரோடு. சென்சார் போர்டின் ஃபர்ம்வேரில் நூல் அறுப்புக்கு ஏற்கெனவே தனி ஐடி இருந்தது, ஆனால் பெரிய எண், அதைச் சின்னதாக்கினோம். ஒரு முழு ஷிப்ட் அளந்ததில் ஃப்ரேம் வந்ததிலிருந்து லைட்டுக்கான பின் (சிப்பின் கால்) மாறும் வரை மோசமான நேரம் 12 மில்லிசெகண்ட். அட்டவணையை மெம்எஃப்டிக்கு மாற்றிய பிறகு டி-பஸ் பக்கம் டாப்பில் தேடினாலும் தென்படவில்லை. இப்போது அதில் செட்டிங்ஸ் மாற்றுவது, வெர்ஷன் கேட்பது மாதிரி வேலைகள்தான் போகின்றன.

பஃபர் நிரம்பினால் என்ன செய்வது என்று தாத்தா சொன்ன கேள்வியை முதலாளியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஸ்கிரீனுக்குப் பழசு போனா போகட்டும், டேட்டாபேஸுக்கு ஒண்ணும் போகக் கூடாது" என்றார். அதற்கப்புறம் மாட்யூல் பேச்சு வரவில்லை. ஆனால் வாடிக்கையாளரிடம் மட்டும் இன்னும் "எங்க பசங்க கர்னல் லெவல்ல வேலை செஞ்சிருக்காங்க" என்கிறார். சாக்கெட்கேன் கர்னலில்தானே இருக்கிறது, பொய் இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஒரு கேள்வி பாக்கி. அலாரம் சாக்கெட்டில் ஃப்ரேம் எதுவும் தவறவில்லை என்று எப்படி உறுதி செய்வது?


ஒரகடம்_மேகலை | சனி, இரவு 7.00

12 மில்லிசெகண்ட் அருமை. தவறுவதைப் பற்றி: சாக்கெட்டின் ரிசீவ் பஃபர் நிரம்பினால் ஃப்ரேம் சத்தமில்லாமல் விழும், யாரும் பிழை கொடுக்க மாட்டார்கள். விழுந்த கணக்கை ஒவ்வொரு ஃப்ரேமோடும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி சாக்கெட்டில் ஒரு ஆப்ஷன் உண்டு, எஸ்ஓ_ஆர்எக்ஸ்க்யூ_ஓவிஎஃப்எல். ரெக்வெஸ்க்எம்எஸ்ஜி வழியாகப் படிக்க வேண்டும், சாதாரண ரீடில் வராது. கேன்டம்ப்பில் மைனஸ் டி போட்டாலும் அதன் சாக்கெட்டுக்குப் பார்க்கலாம். உங்கள் அலாரம் ஃபில்டர் வைத்திருப்பதால் நிரம்ப வாய்ப்பு குறைவு. ரீடரில்தான் கட்டாயம் போடுங்கள், டேட்டாபேஸுக்கு ஒன்றும் போகக் கூடாது என்று உங்கள் முதலாளி சொல்லிவிட்டாரே.


கர்னல்_தாத்தா | ஞாயிறு, காலை 6.10

ரெக்வெஸ்க்எம்எஸ்ஜி இல்லை மேடம், ரெக்வ்எம்எஸ்ஜி. கை தவறியிருக்கும்.

தம்பி, அந்த டீபக் பிரிண்ட்டுக்கு வெட்கப்பட வேண்டாம். என் பில்லிங் கருவியிலும் ஒன்று இருந்தது, கர்னலுக்குள்ளேயே, பிரிண்ட்கே. சைடர் அக்கா என்ன சொன்னார் என்று எழுதவில்லையே?


ஒண்டிப்புதூரான் | ஞாயிறு, காலை 9.30

அவர் இப்போது வேறு ஃப்ரேமில் நிற்கிறார் ஐயா. அந்த ஃப்ரேமுக்கு இன்னும் எங்கள் பெட்டி வரவில்லை.